மிளகுக் கொடிக்கு அடியில்

சண்டை போடுவதற்கென்றே அன்று ரம்புக்கனைக்குப் போனேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பேச வேண்டியதையெல்லாம் மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டேன். பாதி தமிழில், பாதி சிங்களத்தில். பச்சை குத்துகிறவன் எந்தப் பாஷைக்காரன் என்று எனக்கு எப்படித் தெரியும்?

என் பெயர் யோசப். வயது ஐம்பத்தெட்டு. முப்பத்தொரு வருடம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டினேன். எனக்கு முன்னாலேயே என் கோபம் எழும்பி முகம் கழுவிவிடும் என்று எங்கள் லயத்து வீடுகளில் கேலி செய்வார்கள். அதில் பொய்யில்லை.

என் மகள் அனிற்றாவுக்கு இருபத்து நாலு வயது. மாவனல்லையில் ஷிராஸ் முதலாளியின் துணிக்கடையில் வேலை. எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான் போடுவாள். இடது கையில் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை ஒரு தழும்பு. முந்தின நாள் பின்னேரம் பைப்படியில் துணி அலசும்போது மறந்துபோய்ச் சட்டையைச் சுருட்டிவிட்டாள். தழும்பு இருந்த இடத்தில் பச்சையும் கறுப்புமாக ஏதோ படர்ந்திருந்தது. பச்சை குத்தி ஒரு மாதமாம். மிச்சத்தை நாளைக்குக் குத்தப் போகிறாளாம்.

லயமே கேட்கிற மாதிரிக் கத்தினேன். என் மனைவி ரோசலின் உள்ளேயிருந்து ஓடி வந்து, பிள்ளை தழும்பை மறைக்கத்தானே பார்க்கிறது, விடுங்கள் என்றாள். அனிற்றா அம்மா பக்கம் திரும்பினாள். தண்ணீர் சொட்டுகிற அந்தக் கையை அவள் முகத்துக்கு நேரே நீட்டினாள். ரோசலின் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டாள்.

அந்தக் கை நீட்டல் எங்கள் வீட்டில் பழைய வழக்கம். தாய்க்கும் மகளுக்கும் என்ன வாக்குவாதம் வந்தாலும் கடைசியில் கை நீளும். ரோசலின் வாய் மூடும். நான் வெளியே போய்ப் பீடி பற்ற வைப்பேன். அனிற்றா பெரிய பிள்ளையான நாளிலிருந்து அம்மாவைத் தலை சீவவும் விட்டதில்லை. ரோசலின் அடுப்பிலிருந்து சூடாக எதையாவது இறக்கினால் போதும், இவள் எழும்பி வாசலுக்குப் போய்விடுவாள்.

நாலு வயதில் அம்மா சுடுதண்ணீரைக் கையில் கொட்டிவிட்டாள், அப்பா மூன்று கட்டை தூரம் தூக்கிக்கொண்டு ஓடி ஆஸ்பத்திரியில் சேர்த்தார். அனிற்றாவுக்குத் தெரிந்தது இதுதான். இதைச் சொல்லிக் கொடுத்தது நான்தான்.

பச்சை குத்துகிற கடை ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு மாடியில் இருந்தது. கீழே புவாட் என்பவரின் மின்சாரச் சாமான் கடை. அவரிடம் வழி கேட்டேன். மேலே இருக்கிற பொடியன் நல்ல பொடியன்தான், வேலைதான் நமக்கு ஆகாது என்று சொல்லிப் படியைக் காட்டினார். நமக்கும் ஆகாது என்று சொல்லிவிட்டு ஏறினேன்.

உள்ளே ஆஸ்பத்திரி வாசம் அடித்தது. ஒரு பஸ் கொண்டக்டர் குப்புறப் படுத்திருந்தான். கறுப்புக் கையுறை போட்ட ஒரு பெண் அவன் தோளில் அவனுடைய குழந்தையின் பெயரைக் குத்திக்கொண்டிருந்தாள். மெஷின் வண்டு மாதிரி இரைந்தது. இன்னொரு மேசையில் ஒரு வாலிபன் குனிந்து படம் வரைந்துகொண்டிருந்தான். கழுத்திலிருந்து விரல் நுனி வரை அவன் உடம்பில் ஒரு இடம் சும்மா இல்லை.

ஒத்திகை பார்த்ததை எடுத்துவிட்டேன். நான் அனிற்றாவின் அப்பா, ஒரு பெண் பிள்ளையின் கையைப் பிடித்து இப்படிச் செய்ய யாரைக் கேட்டீர்கள் என்று சிங்களத்தில் ஆரம்பித்தேன். பாதியிலேயே அந்த வாலிபன் எழும்பி நின்றுவிட்டான். முகமெல்லாம் சிரிப்பு.

"அனிற்றாவோட அப்பாவா? மாமா, இருங்க, இருங்க. நிலூகா, மே அற தாத்தா."

இவர்தான் அந்த அப்பா என்று அவளுக்குச் சொல்கிறான். நிலூகா மெஷினை நிறுத்திவிட்டு முகமூடியை இறக்கி என்னைப் பார்த்தாள். "வாடிவென்ன மாமே," என்று நாற்காலியை முழங்கையால் தள்ளிவிட்டாள். அனிற்றா முதல் தடவை வந்தபோது எல்லாம் சொன்னாளாம். பிள்ளையை நெஞ்சில் அணைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் ஓடிய அப்பாவைப் பற்றிக் கேட்டபோது தனக்குக் கண் கலங்கிவிட்டது என்று சிங்களத்தில் சொன்னாள். குப்புறக் கிடந்த கொண்டக்டரும் தலையைத் திருப்பி என்னை மரியாதையாகப் பார்த்தான். சண்டைக்கு வந்தவனுக்கு இஞ்சி போட்ட பிளேன்டீ வந்தது.

அந்தத் தேத்தண்ணீரை நான் குடிக்கவில்லை. ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

அந்தக் காலத்தில் நான் கொஞ்சம் கொஞ்சமாகத் தோட்டத்துப் பாலைத் திருடினேன். வாளியின் அடியில் மிச்சம் வைத்து வீட்டுக்குக் கொண்டு வருவேன். பாலை உறைய வைக்க அசிட் வேண்டும். அதையும் தோட்டத்து ரப்பர் ஸ்டோரிலிருந்து ஒரு சோடாப் போத்தலில் எடுத்து வந்து அடுப்புக்குப் பின்னால் விறகோடு வைத்திருந்தேன். தண்ணீர் கலக்காத அசிட். ஒரு புதன்கிழமை பகல், ரோசலின் புல்வெட்டு வேலைக்குப் போயிருந்தாள். நான் வேலைக்காரர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்திலிருந்து அனிற்றாவைக் கூட்டி வந்து விட்டுவிட்டுப் பின்பக்கம் பால் உறைய வைக்கிற தட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன். பிள்ளை சோடா என்று நினைத்து எடுத்துக் கையில் கொட்டிக்கொண்டிருக்கிறது.

ஆஸ்பத்திரி வாசலுக்கு ரோசலின் மண்ணும் புல்லுமாக ஓடி வந்தாள். நீ சுடுதண்ணீர் கொட்டியதாகச் சொல், இல்லாவிட்டால் வேலையும் போய்விடும், குடியிருக்கிற லயத்துக் காம்பராவும் போய்விடும் என்று அவள் காதில் சொன்னேன். அவள் அப்படியே சொன்னாள். கண்ணை எங்கே வைத்திருந்தாய் என்று நர்ஸம்மா எல்லோருக்கும் முன்னால் அவளை ஏசினார். டாக்டர் நம்பினாரோ இல்லையோ, எழுதிக்கொண்டார். இவ்வளவுதான் ரோசலினுக்குத் தெரியும் என்று நான் நினைத்திருந்தேன். அவளுக்கும் தெரியாமல் இன்னொன்று என்னிடம் இருந்தது.

அந்த வாலிபனின் பெயர் ஜெறோம். யட்டியாந்தோட்டைப் பக்கத்து ரப்பர் தோட்டத்துப் பிள்ளை. தன் வேலையைக் காட்டுவதில் அவனுக்கு அப்படியொரு ஆசை. போனில் அனிற்றாவின் கையைக் காட்டினான். முதலில் வெறும் தழும்பு, பிறகு அதன் மேல் மிளகுக் கொடி. தழும்பு மேடாக ஓடுகிற இடத்தில் கொடியின் தண்டு, பள்ளமான இடத்தில் இலை. தழும்புத் தோல் மை குடிக்காதாம், ஒரே தடவையில் குத்தினால் கலங்கிவிடுமாம். அதனால்தான் இரண்டு தடவை. நன்றாகத்தான் இருந்தது. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அப்போது ஒரு ரயில் ஸ்டேஷனுக்குள் நுழைந்தது. கட்டிடம் அதிர்ந்தது. நிலூகா சட்டென்று ஊசியைத் தூக்கிக் கையை உயரத்தில் வைத்துக்கொண்டாள். அதிர்வு அடங்கிய பிறகுதான் திரும்பக் குனிந்தாள். ரயில் வரும்போது குத்தினால் கோடு கோணிவிடும், ரயில் நேரம் முழுக்க எங்களுக்குப் பாடம் என்று ஜெறோம் சிரித்தான். பிறகு போனைப் பார்த்தபடியே குரலைத் தாழ்த்தினான்.

"மாமா, ஒன்னு கேக்குறேன், கோவிச்சுக்காதீங்க. இது சுடுதண்ணி இல்லையே."

அவன் தன் வலது மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினான். பூவும் பாம்புமாகக் குத்தியிருந்ததற்கு நடுவே ஒரு கொட்டைப்பாக்கு அளவுக்கு வெள்ளைத் தோல்.

"எங்கப்பா ஸ்டோர்லதான் வேல. எனக்கும் அசிட் பட்டிச்சு. ஒடனே பைப்புக்கு அடியில புடிச்சாங்க, அதான் இவ்வளவோட நின்டுச்சு. அனிற்றா தங்கச்சிக்கு ரொம்ப நேரம் தண்ணி படாம இருந்திருக்கு. வீட்ல அசிட் வச்சிருந்தீங்களா?"

"இல்லையே," என்றேன்.

இருபது வருடப் பழக்கம், வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவன் என் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தான். மன்னிச்சுக்கங்க மாமா, தெரியாமக் கேட்டுட்டேன் என்றான். அனிற்றாவிடம் இதை அவன் சொல்லவில்லையாம். குடும்ப விஷயம், நமக்கெதற்கு என்று விட்டுவிட்டானாம். சங்கடத்தை மறைக்கவோ என்னவோ, மேசையில் கிடந்த ஒரு காகிதத்தை எடுத்து என் முன்னால் வைத்தான். இன்றைக்குக் குத்தப் போகிற மிச்சம். கொடி முடிகிற இடத்துக்கு, மணிக்கட்டுக்குப் பக்கத்தில் வர வேண்டியது.

ஊதா மையில் எழுதியிருந்தது: அப்பா. அதற்குக் கீழே 17.8.2005.

ஆஸ்பத்திரி அட்டையிலிருந்து அந்தத் திகதியை எடுத்திருக்கிறாள். நான் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடிய நாள். சாகிற வரைக்கும் அழியாமல் என் மகளின் கையில் இருக்கப் போகிறது.

ஒவ்வொரு தவக்காலத்திலும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிறவன் நான். ரப்பர் பால் திருடினேன், பொய் சொன்னேன் என்று சாமியாரிடம் சொல்வேன். அவர் மூன்று அருள் நிறைந்த மரியே சொல்லச் சொல்வார். பெரிய சுமையை இறக்கிவிட்டவன் மாதிரிக் கோவிலை விட்டு வெளியே வருவேன். அந்தப் போத்தலைப் பற்றி மட்டும் எந்தச் சாமியாரிடமும் வாய் திறந்ததில்லை. கேவலமான மனுஷன் நான். அன்றுதான் அது எனக்கு உறைத்தது என்று சொன்னால் அதுவும் பொய். எப்போதும் தெரியும்.

அதைக் குத்தாதே தம்பி என்றேன். அது தங்கச்சிதான் சொல்ல வேண்டும் என்றான். அன்று வெள்ளிக்கிழமை, ஜும்மாவுக்குத் துணிக்கடை சாத்தினால் அனிற்றாவுக்குப் பின்னேரம் லீவு. ஒன்றரைக்கு வந்துவிடுவாள். எழும்பிப் போய்விடலாமா என்று இரண்டு தடவை யோசித்தேன். இரண்டு தடவையும் செருப்பை மாட்டிக் கழற்றினேன். சுவரில் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு பட்டியல் ஒட்டியிருந்தது. மூன்று மணித்தியாலத்துக்குப் பிறகு பிளாஸ்டிக் உறையைக் கழற்ற வேண்டும், இளஞ்சூட்டுத் தண்ணீரில் தேய்க்காமல் கழுவ வேண்டும், தண்ணீர் ஊற்ற ஒருவரை வைத்துக்கொள்வது நல்லது என்று எழுதியிருந்தது. அதையே திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அனிற்றா வந்து என்னைப் பார்த்ததும் முகம் இறுகிவிட்டது. கத்தப் போகிறேன் என்று நினைத்திருப்பாள். நான் கத்தாததுதான் அவளைப் பயமுறுத்தியது போலிருக்கிறது. சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினாள். ஜெறோம் இலைகளை முதலில் முடித்துவிடுகிறேன் என்று சொல்லி மெஷினை எடுத்தான். எழுத்துக்காவது இன்னும் நேரம் இருக்கிறது என்று எனக்கு ஒரு அற்ப ஆறுதல். ஒரு இலை முடிந்தது. இரண்டாவது இலை முடிந்தது. நான் உட்கார்ந்தே இருந்தேன்.

மூன்றாவது இலையின் நடுவில் கொழும்புக்குப் போகிற ரயில் வந்தது. ஜெறோம் ஊசியைத் தூக்கினான். நிலூகாவும் தூக்கினாள். மெஷின்களின் இரைச்சல் நின்று தரை மட்டும் அதிர்ந்தது.

"அனிற்றா, ஒங்கம்மா கொட்டல."

நான் சொன்னது அவளுக்கு விளங்கவில்லை.

"அது சுடுதண்ணி இல்ல. அசிட். நான் ஸ்டோர்ல களவெடுத்துக் கொண்டாந்து வீட்ல வச்சது. அம்மா அன்னைக்கி வீட்லயே இல்ல. நான்தான் அப்புடிச் சொல்லச் சொன்னேன்."

ரயில் போன பிறகும் ஜெறோம் ஊசியை இறக்கவில்லை. அனிற்றா தன் கையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கேட்டுவிடுவாளோ என்று நான் இருபது வருடமாகப் பயந்த கேள்வியைத்தான் முதலில் கேட்டாள்.

"நீங்க என்னயத் தூக்கிட்டு ஓடினது? அதுவும் பொய்யா?"

பொய்யில்லை என்று சொல்லி அதோடு நிறுத்தியிருக்கலாம். ஓடியது உண்மைதான். மூச்சு வாங்க, செருப்பு அறுந்து, மூன்று கட்டையும் ஓடினேன்.

"ஓடினேன். ஆனா ஒடனே இல்ல. மொதல்ல போத்தல ஒளிச்சேன். தரையத் தொடச்சேன். கங்காணி வந்து பாத்துருவாருன்னு பயம். அதுக்குப் பொறகுதான் ஒன்னயத் தூக்குனேன். தண்ணி கூட ஊத்தல."

"நான் அழுதேனா?"

"அழுத."

நிலூகாவுக்குத் தமிழ் விளங்காது. ஆனாலும் என் கையிலிருந்த கோப்பையை வந்து வாங்கிக்கொண்டாள். அனிற்றா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜெறோமிடம் பேசினாள்.

"எலய முடிச்சிருங்க அண்ணா. எழுத்து வேணாம்." பிறகு திரும்பாமலே, "நீங்க போங்க அப்பா," என்றாள்.

படியிறங்கும்போது புவாட் என்னைப் பார்த்து, என்ன, நல்லா ஏசினீர்களா என்று கேட்டார். தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டில் ரோசலின் பின்பக்கம் விறகு வெட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளையிடம் சொல்லிவிட்டேன் என்றேன். என்னத்தை என்று கேட்கவில்லை. கத்தியைக் கீழே வைத்தாள்.

"போத்தல ஒளிச்சதயுமா?"

அப்படியே விறகுக் குவியலில் உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கு அதைக் கோழிக்கூட்டுக்குள் வைக்கோலுக்கு அடியில் செருகிவிட்டுத்தான் போனேன். திரும்பி வந்தபோது இல்லை. யாரோ எடுத்துவிட்டார்கள், எப்போது காட்டிக்கொடுப்பார்களோ என்று ஒரு வருடம் பயந்து திரிந்திருக்கிறேன்.

"அன்னைக்கிப் பிள்ளைக்கி உடுப்பு எடுக்க வந்தேன்ல? கோழி எல்லாம் கூட்டுக்கு வெளிய நின்டுச்சு. நான்தான் எடுத்து ஆத்துல போட்டேன். இவரு மொதல்ல இதச் செஞ்சிட்டுத்தான் பிள்ளையத் தூக்கியிருக்காருன்னு அன்னைக்கே தெரியும்."

ஏன் ஒரு நாளும் கேட்கவில்லை என்றேன்.

"கேட்டா நீங்க இல்லம்பீங்க," என்று சொல்லிவிட்டுக் கத்தியை எடுத்தாள்.

ஆறு மணி பஸ்ஸில் அனிற்றா வந்தாள். வாசலில் உட்கார்ந்திருந்த என்னைத் தாண்டி உள்ளே போனாள். கண் வீங்கியிருந்தது. பஸ்ஸிலேயே அழுதிருக்க வேண்டும். அம்மாவும் மகளும் ஏதாவது பேசுவார்கள், கட்டிப்பிடித்து அழுவார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். அப்படியெல்லாம் ஒன்றும் நடக்கவில்லை. நெடுநேரம் கழித்து அனிற்றாவின் குரல்தான் கேட்டது.

"அம்மா, கை கழுவணும். எளஞ்சூடாத் தண்ணி வேணும்."

பிறகு அடுப்பில் விறகு முறிகிற சத்தம். நான் எழும்பிப் பின்பக்கமாகச் சுற்றிப் போய்ச் சுவரோரம் நின்றேன். ரோசலின் வாளியில் தண்ணீரை விளாவினாள். தன் முழங்கையை விட்டுச் சூடு பார்த்தாள். பச்சைத் தண்ணீர் கொஞ்சம் சேர்த்தாள். திரும்பவும் முழங்கையை விட்டாள். மூன்றாவது தடவையும் பார்த்துவிட்டுத்தான் வாளியைத் தூக்கினாள்.

அனிற்றா பைப்படிக் கல்லில் உட்கார்ந்து பிளாஸ்டிக் உறையைப் பிரித்தாள். பிரித்துவிட்டு அம்மாவை நோக்கிக் கையை நீட்டினாள். அதைக் கண்டதும் ரோசலின் பழக்கத்தில் தலையைக் குனிந்துவிட்டாள். கோப்பை வாளிக்குள்ளேயே நின்றது.

"ஊத்துங்கம்மா."

ரோசலின் கோப்பையைத் தூக்கினாள். பாதித் தண்ணீர் கல்லிலும் பாதி கையிலுமாக விழுந்தது. கறுத்த மை கரைந்து வடிகானுக்குள் ஓடியது.

"சுடுதா?"

"இல்லம்மா. இன்னும் ஊத்துங்க."

நான் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு இரண்டடி முன்னால் போனேன். இருவரும் என்னைப் பார்க்கவில்லை. அங்கேயே நின்றுவிட்டேன். மிளகுக் கொடி முழங்கையிலிருந்து இலை இலையாக இறங்கி வந்து, மணிக்கட்டுக்கு இரண்டு விரல் மேலே முடிந்திருந்தது. அதற்குக் கீழே தழும்பு வெறுமையாகக் கிடந்தது. என்னை எழுதுவதற்கு விட்டிருந்த இடம். ரோசலின் அங்கேயும் தண்ணீர் ஊற்றினாள்.